கையெழுத்துப் போடுவதற்கு ஒரு லைசென்ஸ்

மும்பையில் கட்டடங்களுக்குத் தீயணைப்புக் குழாய் வேலை செய்கிற நம் ஆட்கள் ஏராளம். தாராவி, சயான் கோலிவாடா, பாண்டுப் பக்கம் விசாரித்தாலே போதும், நல்ல வெல்டரும் பம்ப் ஃபிட்டரும் கிடைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் ‘தீயணைப்பு ஏற்பாடு சரியாக இருக்கிறது’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவது மட்டும் அதற்கு லைசென்ஸ் உள்ள வேறு யாராவதாக இருக்கும். நானும் பல வருடம் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியிடம் சப் காண்ட்ராக்ட் எடுத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக லைசென்ஸ் எடுப்போம் என்று இறங்கியபோது தமிழில் விவரம் சொல்ல ஆள் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் சட்டம். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்பு, உயிர்ப்பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2008 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அதற்கான விதிகள் 2009-இல் வந்தன. தீயணைப்பு ஏற்பாடுகளைச் செய்வதும், பராமரிப்பதும், சான்று கொடுப்பதும் ‘லைசென்ஸ்டு ஏஜென்சி’ மட்டுமே செய்யலாம் என்கிறது. ஏஜென்சி கொடுக்கும் சான்றிதழ் இரண்டு வகை. புதுக் கட்டடத்தில் எல்லாம் பொருத்தி முடித்ததும் கொடுப்பது ஃபார்ம் ஏ. பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ‘எல்லாம் நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று கொடுப்பது ஃபார்ம் பி. அதைத் தீயணைப்புத் துறைக்குக் கொடுக்கும் பொறுப்பு கட்டட உரிமையாளர் அல்லது அதில் இருப்பவர்களுடையது, குடியிருப்பு என்றால் ஹவுசிங் சொசைட்டியுடையது, அதாவது குடியிருப்போர் சங்கத்துடையது. 2017 டிசம்பர் 29-ஆம் தேதி மும்பையின் கமலா மில்ஸ் வணிக வளாகத் தீயில் 14 பேர் இறந்த பிறகு, அதுவரை இந்தப் பக்கமே திரும்பாத சொசைட்டிகள்கூட ஃபார்ம் பி எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தன. நேராக நம்மிடமே கேட்கிறார்கள், நம்மால் கொடுக்க முடியவில்லை. என் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

எங்கே போவது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. மும்பை தீயணைப்புப் படை என்றதும் எல்லோரும் பைகுலா தலைமையகத்தைத்தான் நினைப்பார்கள். அது மாநகராட்சியைச் சேர்ந்தது. என்ஓசி (தடையின்மைச் சான்று), கட்டட ஆய்வு எல்லாம் அங்கே. ஏஜென்சி லைசென்ஸ் கொடுப்பது மாநிலத் தீயணைப்புச் சேவை இயக்குநர். அந்த அலுவலகம் சாந்தாகுரூஸ் கிழக்கில், கலினா வித்யாநகரி பக்கம், மாநிலத் தீயணைப்புப் பயிற்சி மையத்தோடு இருக்கிறது. மாநில லைசென்ஸ் என்பதால் புனேயிலும் நாசிக்கிலும் செல்லும். குஜராத் எல்லையைத் தாண்டினால் செல்லாது. “ஊரில் மாமா கட்டுகிற ஓட்டலுக்கும் நீயே சான்று கொடுத்துடேன்” என்று திருநெல்வேலியிலிருந்து போன் வந்தது. அங்கே வேறு சட்டம், வேறு நடைமுறை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காகிதங்களில் பாதி எந்தத் தொழிலுக்கும் கேட்பவைதான்: பான், ஜிஎஸ்டி, அலுவலக முகவரிக்கு ஆதாரம், குமாஸ்தா லைசென்ஸ் எனப்படும் கடை-நிறுவனப் பதிவு. 2017-இல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குப் பிறகு குறைவான ஆட்கள் வேலை செய்யும் சின்ன இடத்துக்கு முழுப் பதிவு தேவையில்லை, ஆன்லைனில் தகவல் கொடுத்தாலே போதும். ஆனால் வங்கியிலிருந்து பக்கத்துக் கடை வரை எல்லோரும் இன்னும் ‘குமாஸ்தா இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். இவற்றையெல்லாம் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார், நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் இழுத்தடித்தது ஆள் தகுதியும் அனுபவச் சான்றும். எனக்கு வேலை தெரியும், ஆனால் காகிதத்தில் நான் ஒரு ஐடிஐ ஃபிட்டர். நல்லவேளை, மச்சான் நாக்பூரில் தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துத்தான் விண்ணப்பமே போட்டோம். சந்தையில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. யாரோ ஒருவருடைய பட்டத்தை மாத வாடகைக்கு வாங்கிக் கோப்பில் வைப்பார்கள், அந்த ஆள் அலுவலக வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். எனக்கும் ஒரு தரகர் ஆள் காட்டினார். நாளைக்கு ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் விசாரணையில் போய் நிற்பது அவரில்லை, நான்தான். வேண்டாம் என்றுவிட்டேன்.

அனுபவச் சான்று இன்னும் மோசம். சப் காண்ட்ராக்ட்காரனாகச் செய்த வேலை எதிலும் நம் பெயர் இருக்காது. வொர்க் ஆர்டர், பில், ஃபார்ம் ஏ எல்லாம் மேல் கம்பெனி பெயரில்தான். கடிதம் கேட்டபோது “போட்டிக்கு வரப்போற ஆளுக்கு நானே லெட்டர் கொடுக்கணுமா?” என்றார் முதலாளி. அவர் கோணத்தில் நியாயம்தான். கடைசியில் எனக்குக் கைகொடுத்தவை நேரடியாகச் செய்த சின்னப் பராமரிப்பு வேலைகள்: ஒரு பள்ளிக்கூடத்தின் ஹோஸ் ரீல் (சுருட்டி வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய்), ஒரு குடோனின் ஸ்பிரிங்ளர் (சூடேறினால் தானாகத் தண்ணீர் தெளிப்பது) பழுது, இரண்டு சொசைட்டிகளின் வருடாந்திர ஒப்பந்தம். பில்லும் வங்கிக் கணக்கில் வந்த பணமும் ஒத்துப்போனதால் அவை செல்லுபடியாகின. இப்போது சப் காண்ட்ராக்டில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை சின்னதென்றாலும் உங்கள் பெயரில் பில் போடுங்கள், பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள்.

கருவிகளையும் கேட்டார்கள். பிரஷர் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றன என்ற காலிபரேஷன் சான்று, குழாயில் தண்ணீரை அழுத்திக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் பம்ப், புகை உணரியைச் சோதிக்கும் ஸ்ப்ரே. கோப்பைப் பார்த்த அதிகாரி மராத்தியில் சாவகாசமாகப் பேசிக்கொண்டே நடுநடுவே கேள்விகளை எறிந்தார். உச்சித் தளத்து லாண்டிங் வால்வில் (ஹோஸை மாட்டும் வால்வு) பிரஷர் எவ்வளவு நிற்க வேண்டும்? 3.5 பார். ஹோஸ் ரீல் எந்த ஐஎஸ் (இந்தியத் தர எண்)? 884. சிவப்புக் கண்ணாடிக் குமிழ் ஸ்பிரிங்ளர் எத்தனை டிகிரியில் உடையும்? 68. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, ஹைட்ரண்ட் எனும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் அமைப்புக்கு ஐஎஸ் 3844, தீயணைப்பான்களின் பராமரிப்புக்கு ஐஎஸ் 2190, அலாரத்துக்கு ஐஎஸ் 2189, ஸ்பிரிங்ளருக்கு ஐஎஸ் 15105. இவற்றைப் புரட்டாமல் போகாதீர்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதில்லை, எது எதற்கு என்று தெரிந்தால் போதும்.

லைசென்ஸ் வந்தது. இனிப்பு கொடுத்தோம். அடுத்த ஜூலையும் வந்தது.

முதலில் கூப்பிட்டது ஒரு பழைய சொசைட்டி. செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் போன வருட ஃபார்ம் பி-யை அனுப்பி, “இதே மாதிரி ஒண்ணு தேதி மாத்தி அனுப்பிடுங்க” என்றார். நேரில் வந்து பார்த்துத்தான் தர முடியும் என்றதும் குரல் மாறிவிட்டது. போய்ப் பார்த்தோம். பம்ப் பேனல் ‘மேனுவ’லில் கிடந்தது. ஆட்டோவில் விட்டால் நடுராத்திரியில் தானாக ஓடிச் சத்தம் போடுகிறது என்று வாட்ச்மேன் திருப்பி வைத்திருக்கிறார். பம்ப் தானாக ஓடுவதென்றால் எங்கோ கசிந்து பிரஷர் இறங்குகிறது என்று பொருள். அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. ஹோஸ் பெட்டிகளில் குழாய் முனையில் மாட்டும் பித்தளை நாசில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பொதுப் பாதையில் பெயிண்ட் அடித்தவர் ஸ்பிரிங்ளர் குமிழையும் சேர்த்தே வெள்ளையடித்திருந்தார். தீப்பிடித்தால் ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்கென்று விட்டிருக்கும் ரெஃப்யூஜ் ஏரியாவில் யாரோ ஜிம் சைக்கிள் வைத்திருந்தார்கள். மின் கம்பிகள் மேலேறும் டக்டுக்குள் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்.

பட்டியல் போட்டுக் கொடுத்தேன். “போன தடவை வந்த ஏஜென்சி எதுவும் சொல்லலையே?” என்றார் செக்ரட்டரி. வந்தால்தானே சொல்வதற்கு! உண்மையான வேலையோ பராமரிப்போ நடக்காமல் இந்தச் சான்றைக் கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே தனியாகச் சொல்லியிருக்கிறது, மீறினால் சிறை வரை போகலாம். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சொசைட்டிக்கும் தீயணைப்புத் துறை நோட்டீஸ் வரும், சரிசெய்யவில்லை என்றால் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கக்கூட அதிகாரம் இருக்கிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் வேறொருவரிடம் குறைந்த விலைக்கு ஃபார்ம் பி வாங்கிவிட்டதாகக் கேள்வி. அப்படி விற்கிற ஏஜென்சிகளோடு விலையில் போட்டி போடவே முடியாது. அவர்களுக்குப் பெட்ரோல் செலவுகூட இல்லை.

எல்லாச் சொசைட்டியும் அப்படி இல்லை. முலுண்டில் ஒரு கட்டடத்தில் சேர்மன் அம்மா எங்களோடு மொட்டை மாடி வரை ஏறி வந்தார். உச்சித் தளத்தில் வால்வைத் திறந்து தண்ணீர் பீய்ச்சியதைப் பார்த்து, “இத்தனை வருஷத்துல இதை யாரும் திறந்து நான் பார்த்ததே இல்லை” என்றார். அங்கே பழுது பார்த்து, மறுபடி சோதித்து, அப்புறம்தான் கையெழுத்து. இன்றும் எங்கள் வாடிக்கையாளர்கள்.

பழைய கட்டடம் என்றால் முதலில் அதன் ஒரிஜினல் என்ஓசி கடிதத்தைக் கேளுங்கள். கட்டியபோது என்னென்ன கேட்டிருந்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். பெரும்பாலும் சொசைட்டியிடம் இருக்காது. பில்டரையோ ஆர்க்கிடெக்டையோ துரத்த வேண்டும், இல்லையென்றால் தீயணைப்புத் துறையில் நகலுக்கு எழுதிப் போட வேண்டும். இதற்கே நாள் பிடிக்கும். ஒவ்வொரு சோதனையையும் தேதியோடு போட்டோ எடுத்து, கேஜ் முள் தெரிகிற மாதிரி வையுங்கள். சரிசெய்யச் சொன்னதை வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இன்வர்ட் முத்திரை வாங்குங்கள். அப்புறம், ஜனவரியிலும் ஜூலையிலும் புதிதாகப் பொருத்தும் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு மாதமும் ஆட்கள் முழுக்க ஃபார்ம் பி-க்கே போய்விடுவார்கள். ஜூலையில் மழை வேறு, மொட்டை மாடிப் பம்ப் ரூமுக்குள் நுழைவதற்குள் பேனலிலிருந்து ஆள் வரை எல்லாம் நனைந்துவிடும்.