டிசம்பரில் ஃபூஜி ஏற வேண்டாம், தம்பி

"கினபாலுவே 4095 மீட்டர், அக்கா. ஃபூஜி 3776 தானே?" என்று சித்தி மகன் கேட்கிறான். பாயான் லெப்பாஸில் வேலை. வருடக் கடைசி லீவில் கூட்டாளிகளோடு ஃபூஜி ஏற ஜப்பான் போகிறான், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நம் சபாவின் கினபாலுவைவிட உயரம் குறைவு, அதனால் சுலபம் என்று நினைக்கிறான். இதே கணக்கைப் போடுகிறவர்கள் பினாங்கில் இன்னும் இருப்பார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உயரத்தை மட்டும் பார்க்காதே. கினபாலு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்கல் மலை. ஃபூஜி எரிமலை, 1707-இல் கடைசியாக வெடித்தபோது சாம்பல் இன்றைய தோக்கியோ வரை போய் விழுந்தது. சுற்றிலும் அதன் உயரத்துக்கு வேறு மலை இல்லை. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் வீசும் பலத்த காற்று தடுப்பே இல்லாமல் அதன் தலையில் மோதுகிறது.

ஒரு ஜனவரிக் காலையில் ஃபூஜி அடிவாரத்தில் இருக்கும் கவாகுச்சி ஏரிக்கரையில் நின்றிருந்தேன். தண்ணீரில் ஓர் அலை இல்லை. மலை உச்சியிலிருந்து மட்டும் வெள்ளையாக ஏதோ நீளமாகப் பறந்துகொண்டே இருந்தது. காற்று வாரி எறியும் பனி அது என்றார் விடுதிக்கார அம்மா.

அப்படிப் புதுப்பனி பறந்துபோக, மிச்சம் வெயிலில் லேசாக உருகி ராத்திரியில் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்கூட அதில் சரியாக இறங்காது. வழுக்கினால் பிடித்துக்கொள்ள மேலே ஒரு மரம் கிடையாது. தைப்பூசத்துக்கு நாம் வெறுங்காலோடு வியர்க்க வியர்க்கத் தண்ணீர்மலை ஏறுகிற நாட்களில், அங்கே உச்சியில் சராசரியே மைனஸ் 18 டிகிரி. 1981 பிப்ரவரியில் மைனஸ் 38 வரை இறங்கியிருக்கிறது.

வசந்தம் வந்தாலும் நம்ப முடியாது. 2025 ஏப்ரலில் ஒரு சீன மாணவரை மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்டார்கள். விட்டுவந்த கைப்பேசியைத் தேடி நாலு நாளில் மறுபடி ஏறியவரை, இன்னொரு முறை மீட்க வேண்டியதாயிற்று. மீட்கப் போகிறவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பி. சித்திக்கும் நீ ஒரே பிள்ளை.

ஏறும் காலம் ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரைதான். மற்ற மாதங்களில், பாதி மலையில் ஏற்றம் தொடங்கும் ஐந்தாம் நிலையத்துக்கு மேல் பாதை மூடல், மலை விடுதிகளும் பூட்டு. டிசம்பரில் ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி தங்குங்கள். காற்று வறண்டிருப்பதால் மலை முழுசாகத் தெரிவது அப்போதுதான். மேகம் கூடுவதற்குள் விடியற்காலையிலேயே எழுந்துவிடுங்கள். ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் ஜூலைக் கடைசிக்கு லீவு போடு, நானும் வருகிறேன்.