வலி வருமுன் கொடுத்த மருந்து

வார்டு மருந்தாளராக கேபபென்டின் சிரப்பைக் கையில் கொடுத்து, நரம்பு வலிக்கு என்றேன். "இவனுக்கு இப்ப வலியே இல்லையே, மிஸ்?" என்றார் பையனின் அம்மா.

டாக்டர் ஏற்கெனவே விளக்கியிருந்தார், ஆங்கிலத்தில். அப்பாவும் உடனிருந்து கையெழுத்துப் போட்டவர்தான். ஆனாலும் அம்மாவுக்கு எட்டவில்லை என்று தெரிந்ததால் தமிழில் உள்ளபடி சொன்னேன். பையனுக்கு வந்திருக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயின் செல் மேலிருக்கும் ஜிடி2 என்ற பொருள் வலியை உணரும் நரம்புகளிலும் இருக்கிறது. ஜிடி2-வைத் தேடிப் பிடிக்கும் புற்றுநோய் மருந்தான டைனுடக்சிமாப் பீட்டாவுக்கு இரண்டும் ஒன்றுதான், நரம்பையும் போய்ப் பிடிக்கும். அதனால்தான் மூன்று நாள் முன்பே கேபபென்டின், அந்த மருந்து ஏறும்போது மார்ஃபின். 10 நாள் விடாமல் மெதுவாக ஏற்றுவதும் வலியைக் குறைக்கத்தான். முதல் சுற்றில்தான் அதிகம், போகப் போகக் குறையும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை இவங்கப்பாகிட்ட இப்படிச் சொல்லிடாதீங்க. வேணாம்னுடுவார்," என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிரிஞ்சில் எத்தனை மில்லி என்று காட்ட ஆரம்பித்தேன்.

அவரிடமும் எல்லாம் சொல்லப்பட்டதுதானே? மருந்தாளர் போய் ஒப்புதலை மறுபடி கிளற வேண்டுமா? அளவு, கலவை, மார்ஃபினோடு எது சேரும், எது சேராது, இதெல்லாம்தான் என் பொறுப்பு. இப்படி எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் விளக்கியபோது மட்டும் அந்த எல்லை எங்கே போயிருந்தது?

முதல் நாள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மார்ஃபினைக் கூட்டச் சொல்லி டாக்டரை அழைத்தேன், கூட்டினோம், அடங்கியது. துவாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து நேராக வார்டுக்கு வந்த அப்பா என்னைத் தனியாக நிறுத்தினார்.

"இது வரும்னு முன்னாடியே தெரியுமா, மிஸ்?"

"தெரியும்."

"அவளுக்கு?"

டாக்டர் சொல்லியிருப்பாரே என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

முன்பே தெரிந்திருந்தால் மறுத்திருப்பாரா? அம்மா கணித்தது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் பிள்ளைக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அந்தக் கணிப்பு சரியா என்று பார்க்கும் வாய்ப்பை அவருக்கு நாங்கள் இருவரும் கொடுக்கவே இல்லை.

இரண்டாம் சுற்றில் வலி குறைவு. கேபபென்டின் வேளைகளை இப்போது அப்பாதான் போனில் குறித்து வைத்திருக்கிறார். அதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் பெற்றோர் இருவரும் வந்தபிறகே இந்தப் பேச்சை எடுக்கப் பார்க்கிறேன். பல நாள் ஒருவர்தான் வருகிறார். மருந்தையோ தள்ளிப்போட முடியாது.