மூன்று டிஸ்க்குகளின் மேல் நிற்கும் அலுவலகம்

செப்டம்பர் 8, திங்கள்

காலை 7.20க்கு எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தின் சர்வர் அனுப்பிய மின்னஞ்சலில், நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டாவது, அவற்றை ஒன்றாக இணைக்கும் ரெய்டு தொகுப்பிலிருந்து விலகிவிட்டதாக இருந்தது. பத்து மணிக்கு வந்தவர்கள் எவருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. டேலி திறக்கிறது, பிரிண்டர் ஓடுகிறது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும், இரண்டாவது இழப்பைத் தாங்காது. வரித் தணிக்கை அறிக்கைகளுக்குக் கெடு இம்மாதம் 30.

செப்டம்பர் 9, செவ்வாய்

புது டிஸ்க் வெள்ளிக்கிழமைதான் வரும் என்கிறார்கள். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் மூன்றாவது டிஸ்க்கின் 197ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை, நேற்று வரை 0 காட்டியது, இன்று 8 காட்டுகிறது.

செப்டம்பர் 10, புதன்

பெரிய ஆடிட்டர் அழைத்து, “தினமும்தான் பேக்கப் எடுக்கிறோமே, தம்பி, அப்புறம் என்ன கவலை?” என்று கேட்டார். அதைக் காட்டிவிடலாம் என்று வெளி டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகினேன். அதிலிருந்த கடைசிக் கோப்பின் தேதி ஜூன் 17.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாலை வரை ஆனது. ஜூனில் ஒரு மின்தடைக்குப் பிறகு சர்வர் மீண்டும் எழுந்தபோது வெளி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வரின் கோப்புறைகளோடு இணையவில்லை. ஆனால் அது மவுண்ட் ஆகவேண்டிய கோப்புறை, வெறும் கோப்புறையாக, அங்கேயே இருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க்கை ஒவ்வோர் இரவும் இயக்கியது. ஆர்சிங்க் அந்த வெறும் கோப்புறையில், அதாவது சர்வரின் சொந்த எஸ்எஸ்டியிலேயே, டேலி தரவு முழுவதையும் எழுதியது. 40 ஜிபிதான் என்பதால் இடமும் நிரம்பவில்லை, பிழையும் எழவில்லை. ஏறக்குறைய மூன்று மாதங்களாக ஒவ்வொரு காலையும் “வெற்றி” என்ற வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். நகல் இருக்கிறது, ஆனால் மூலம் இருக்கும் அதே பெட்டிக்குள், அதே மின்வழங்கியின் கீழ் இருக்கிறது. ஸ்கேன் செய்த ஆவணங்கள் 2 டிபி அந்தப் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படவே இல்லை. சேர்த்திருக்க வேண்டியவன் நான்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாக, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் கட்டளை ஆம் என்று சொன்னாலன்றி நகலெடுக்காதே என்று எழுதினேன். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் வெளி டிஸ்க்கை, துவக்கத்துக்குத் துவக்கம் மாறக்கூடிய எஸ்டிசி, எஸ்டிடி பெயர்களால் அல்லாமல், மாறாத அடையாள எண்ணான யூயூஐடியால் குறித்தேன். வெளி டிஸ்க் கழன்றிருக்கும்போது அந்தக் கோப்புறைக்குள் எவரும் எழுத முடியாதபடி சாட்டர் கட்டளையால் பூட்டினேன்.

197: இன்னும் 8.

செப்டம்பர் 11, வியாழன்

இரவு எட்டு மணிக்கு எல்லோரையும் டேலியை மூடச் செய்துவிட்டு, கோப்புகளை மற்ற கணினிகளுக்குப் பகிரும் சாம்பாவையும் நிறுத்தி, நகலைத் தொடங்கினேன். மூன்றாவது டிஸ்க் பாதியில் போனாலும் மிகத் தேவையானது வெளியே வந்திருக்க வேண்டும் என்பதால் வரிசையை நானே வகுத்தேன்: முதலில் நடப்பாண்டு டேலி, அடுத்து கையெழுத்தான அறிக்கைகள், பிறகு பழைய ஆண்டுகள், கடைசியில் ஸ்கேன்கள். விடியற்காலை முடிந்தது. எந்தக் கோப்பும் படிக்க மறுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நகலிலிருந்து மூன்று நிறுவனங்களின் தரவை வேறொரு கணினியில் திறந்து, டிரையல் பேலன்ஸைச் சர்வரில் உள்ளதோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். பொருந்துகிறது. ஜூனிலும் இதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

டிஸ்க் வந்துவிட்டது. ஆயினும் நாளை பகலில் பராமரிப்பு மின்தடை. யூபிஎஸ் இருபது நிமிடம்கூடத் தாங்காது. மாலை வரை பொறுக்க வேண்டும்.

197: 16.

செப்டம்பர் 13, சனி

நேற்றைய எண் உறங்கவிடவில்லை. படிக்க முடியாத அந்தச் செக்டர்கள் கோப்பு எதுவும் இல்லாத இடத்தில் இருப்பதால்தான் நகலெடுக்கையில் தடை வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் புது டிஸ்க்கை நிரப்ப ரெய்டை மீளக் கட்டும்போது கோப்பு இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பாராமல் மூன்று டிஸ்க்குகளும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படும். மூன்றும் தலா 4 டிபி, ஆக 12 டிபி. சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் பிழை வரம்போ, ஏறக்குறைய 12.5 டிபி படிப்புக்கு ஒரு பிழை.

மின்சாரம் வந்த பிறகு, சீரியல் எண்ணை ஸ்மார்ட் அறிக்கையோடு இருமுறை ஒப்பிட்டு, ஒவ்வொரு தட்டிலும் எழுதி ஒட்டிய பின்னரே பழுதானதை உருவினேன். இந்த நிலையில் தவறான டிஸ்க்கை இழுப்பது இரண்டாவது இழப்புக்குச் சமம்.

6.40க்குத் தொடங்கியது. வெளி டிஸ்க் என் பையில், கட்டடத்துக்கு வெளியே, வண்டியில் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அதிகாலை 2.10. மறுகட்டமைப்பு 71.3 சதவீதம். 197: 24.