சட்டைப்பையில் வந்த வகுப்புத் தோழன்

லண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கதை எழுதி வாசித்துக் காட்டுவது எங்கள் பழைய மாணவர் சங்கத்து நண்பர்கள் சிலருக்குத் தெரியும். "நீ கணக்குக்காரன் அல்லவா? உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?" என்று போன ஒன்றுகூடலில் ஒரு நண்பன் கேட்டான். இந்த முறை சங்கத்தின் மலருக்கு அதையே எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் பாதி ஓர் அணில் தந்தது. மீதி எங்கள் தமிழ் வாத்தியார் தந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் கிணற்றடியோடு ஒரு தென்னை நின்றது. சோளகம் பலமாக வீசிய ஒரு நாள் அதிலிருந்து ஒரு கூடு விழுந்தது. தும்பும் பஞ்சும் பழந்துணி நூலும் வைத்துப் பின்னிய கூடு. உள்ளே கண் திறக்காத குஞ்சு ஒன்று உயிரோடு கிடந்தது. மயிர் சரியாக முளைக்கவில்லை. ஆனாலும் முதுகில் மூன்று கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. தாய் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று அம்மா கூட்டை மதிலில் வைத்துப் பொழுதுபடும்வரை காவல் இருந்தார். தாய் வரவில்லை.

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, பேனைக்கு மை விடும் பில்லரைக் கழுவி எடுத்து, துளித்துளியாக ஊட்டினோம். ஒரு துளி கூடினாலும் மூக்குக்குள் போய்விடும். அதனால் துளி பில்லரின் நுனியில் தொங்க, அது நாக்கால் நக்கி எடுக்கும்வரை கையை ஆட்டாமல் பிடித்திருக்க வேண்டும். இரவில் அப்பாவின் பழைய பெனியனுக்குள் சுருண்டு படுக்கும். கண் திறந்த பிறகு வரியன் என்று பெயர் வைத்தோம்.

எங்கள் வீட்டில் பூனையும் இருந்தது. பகலில் அம்மா அடுப்படியில் நிற்பார், அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார். வரியனை யாரை நம்பி விடுவது? அதனால் அவன் என் வெள்ளைச் சட்டைப்பைக்குள் இருந்து பள்ளிக்கூடம் வந்தான். காலையில் நன்றாகப் பால் குடித்துவிட்டால் இரண்டு பாடவேளை சத்தமில்லாமல் நித்திரை கொள்வான். என் வாங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். இடைவேளையில் ஆளுக்கொரு கச்சான் பருப்புக் கொண்டுவந்து தருவார்கள். (அந்த வாங்கில் இருந்தவர்களில் இரண்டு பேர் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்கு என் அன்பு.)

ஒரு நாள் தமிழ்ப் பாடத்தில் வரியன் விழித்துக்கொண்டான். பையிலிருந்து ஏறி, தோளால் இறங்கி, மேசையில் கிடந்த கொப்பிக்கு மேலே ஓடி, முன்வாங்குக்காரனின் முதுகில் தாவினான். வகுப்பே எழுந்து நின்றது. பிரம்பு நிச்சயம் என்று எல்லாரும் நினைத்தோம். எங்கள் வாத்தியார் வந்து பக்கத்தில் நின்று வரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அணில்வரிக் கொடுங்காய் எண்டு புறநானூற்றில வருது. வெள்ளரிக்காய்க்கு மேல இருக்கிற கோட்டைச் சொல்லுறது. எழுதின அம்மா அணிலையும் பார்த்திருக்கிறா, வெள்ளரிக்காயையும் பார்த்திருக்கிறா. இப்ப நீங்களும் பாருங்கோ" என்றார்.

அது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாட்டு. கணவன் இறந்த பிறகு தீயில் இறங்கப் போகிற ஒரு அரசி, தன்னைத் தடுக்கும் சான்றோரைப் பார்த்துச் சொல்வது. அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் வெள்ளரிக்காயின் கோடு அந்த அம்மாவின் கண்ணில் நின்றிருக்கிறது. அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

வாத்தியார் பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு இவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. ராமருக்கு அணை கட்ட மண் சுமந்த கதை வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். இந்த அணில் நேற்றுப் பின்னேரம் என்ன செய்தது? அதை எழுது."

அன்று பின்னேரம் கொப்பியோடு குந்தியிருந்து பார்த்தேன். வரியன் கச்சானை இரண்டு முன்கைகளாலும் பிடித்து, கடிக்க முன்னர் சுற்றிச் சுற்றி உருட்டுவான். கோதில் மெல்லிய இடம் எது என்று பல்லால் தட்டிப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. தூணிலிருந்து தலைகீழாகத்தான் இறங்குவான். அப்போது பின்கால்கள் இரண்டும் பின்பக்கமாகத் திரும்பி நகங்கள் தூணைப் பற்றியிருக்கும். பூனையைக் கண்டால் ஓடுவதற்கு முன்னர் கத்துவான். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒரு முறை வெட்டி அடிக்கும்; சத்தமும் வாலும் ஒரு கயிற்றில் கட்டியவைபோல. பிறகு ஒரு காரியம் செய்தான். தலையணை கிழிந்த இடத்திலிருந்து பஞ்சை வாயால் இழுத்து, கன்னம் வீங்கக் கவ்விக்கொண்டு, கொடியில் தொங்கிய என் சட்டையில் ஏறிப் பைக்குள் திணித்தான். திரும்ப வந்து இன்னொரு வாய். தான் குடியிருக்கும் பைக்குத் தானே மெத்தை போட்டுக்கொண்டிருந்தான்.

அதை எழுதிக்கொண்டு போனேன். வாத்தியார் சிவப்பு மையால் 'அழகிய' என்ற சொல்லை வெட்டினார். 'துள்ளித் துள்ளி ஓடியது' என்ற இடத்தில் கோடு போட்டு, "எங்கிருந்து எங்கே?" என்று எழுதினார். பஞ்சு திணித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். அந்தச் சரி எனக்குக் கணக்கில் எடுத்த எந்தப் புள்ளியையும்விடப் பெரிது.

அந்தப் பக்கம் எங்கள் வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையில் வந்தது. வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்தில் வாசித்தபோது ஆரம்பப் பிரிவுச் சின்னப் பிள்ளைகளும் முன்னுக்கு வந்து இருந்தார்கள். பஞ்சு திணித்த இடம் வந்தவுடன் ஒரு பிள்ளை எழும்பி, "இப்பவும் பைக்குள்ள இருக்கோ?" என்று கேட்டது. பையைத் திறந்து காட்டினேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என்றால் என்ன என்று நான் அறிந்த இடம் எங்கள் கல்லூரி மண்டபம்தான். கதை முடிந்ததும் அவர்கள் நீதி கேட்கவில்லை. அந்த அணிலைப் பார்க்கக் கேட்டார்கள்.

வரியன் வளர்ந்து மாமரத்துக்குப் போனான். கொஞ்சக் காலம் கச்சானைத் தகரத்தில் தட்டினால் இறங்கி வருவான். பிறகு பின்னேரங்களில் மட்டும் வந்தான். ஒரு நாள், கிளையில் ஓடுகிற அணில்களில் எது அவன் என்று எனக்கே தெரியவில்லை. நல்லாய் இருந்திருப்பான் என்றே நம்புகிறேன்.

லண்டனுக்கு வந்த பிறகு, வேலை, இரவு வேலை, குடும்பம் என்று காலம் போயிற்று. எழுத்துப் பக்கம் போகவே இல்லை. சனிக்கிழமைப் பாடசாலையில் உதவிக்குப் போனபோதுதான் மறுபடி தொடங்கியது. அணில் படம் கீறச் சொன்னோம். எல்லாப் பிள்ளைகளும் பெரிய சாம்பல் அணிலைக் கீறினார்கள், முதுகில் கோடே இல்லை. அவர்கள் பார்க்கில் காண்பது அதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். "எங்கட ஊர் அணிலுக்கு மூன்று கோடு" என்றேன். "யார் கீறினது?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். ராமர் கதையைச் சொல்லலாம், நல்ல கதைதான். ஆனால் எனக்குச் சட்டைப்பை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை, "வரியன் பிறகு என்ன செய்தது?" என்று கேட்டார்கள். அதற்காகவே எழுதத் தொடங்கினேன்.

இந்த நாட்டில் இதே வழியில் வந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1866இல் லண்டனில் பிறந்த பியற்றிக்ஸ் பொட்டர். பீற்றர் முயலை உங்கள் பிள்ளைகளின் கோப்பையிலும் தட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்த முயல் கற்பனையில் பிறந்ததல்ல. லண்டன் ஷெப்பேர்ட்ஸ் புஷ் பக்கத்தில் நாலரைச் சிலிங்குக்கு வாங்கி வளர்த்த முயலுக்கு அவர் வைத்த பெயர் பீற்றர். 1893 செப்ரெம்பர் 4ஆம் திகதி, தனக்கு முன்பு கற்பித்த ஆசிரியையின் மகன், ஐந்து வயதுப் பையன், வருத்தமாய்ப் படுத்திருக்கிறான் என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நாலு குட்டி முயல்களின் கதை சொல்கிறேன் என்று தொடங்கிப் படங்களும் கீறி அனுப்பினார். பின்னாளில் அந்தக் கடிதத்தை இரவல் வாங்கித்தான் புத்தகமாக்கினார். பதிப்பாளர்கள் மறுக்க, 1901இல் தன் காசில் 250 பிரதிகள் அச்சடித்தார். 1902இல் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1901 தொடக்கத்தில், அந்த உண்மையான பீற்றர் இறந்துவிட்டது.

2022இல் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. அவருடைய ஓவியங்களின் பெரிய சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. முயல் எப்படிக் காதை மடிக்கும், படுக்கும்போது கால் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் பார்த்துக் கீறியவர் அவர். எங்கள் வாத்தியார் இவரைப் பற்றி எங்களிடம் சொன்னதேயில்லை. ஆனால் "நேற்றுப் பின்னேரம் என்ன செய்தது?" என்ற அதே கேள்வியை இந்த அம்மையார் தன் முயலிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன இடம். பீற்றர் நீலச் சட்டையும் சப்பாத்தும் போட்ட முயல். தோட்டக்காரர் துரத்தும்போது சப்பாத்துகள் இரண்டும் கழன்றுவிடுகின்றன. உடனே நாலு காலில் ஓடுகிறது, வேகமும் கூடுகிறது. முயல் வளர்த்தவர்தான் அதை எழுதுவார். மிருகங்களுக்குச் சட்டை போட்டு, மனிதர்போலப் பேசவைத்து, கடைசியில் 'ஆகவே குழந்தைகளே' என்று முடிக்கும் கதைகளை நாங்கள் நிறைய வாசித்திருக்கிறோம். அவற்றில் நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் முட்டாள்தனம் என்று எழுதுவதற்கு முன்னரே முடிவாகிவிடும். சொந்தமாய் ஒன்றை வளர்த்த பிள்ளைக்கு அப்படி எழுத வராது. தன் நாய் எந்தப் படியில் படுக்கும், எந்தக் காதைச் சொறிந்தால் கண்ணை மூடும் என்று அதற்குத் தெரியும். கதை அங்கேயிருந்துதான் நடக்கத் தொடங்கும்.

நான் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் எங்கள் ஊர் இருக்கும் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் இங்கே. அம்மாவும் அப்பாவும் நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொடிகாமம் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து அம்மா எழுதிய கடிதத்தில் கூரை, கதவு எல்லாவற்றையும் பற்றி ஒரு வரிதான். அதற்குப் பிறகு, "முற்றமெல்லாம் அணில். எங்களைக் கண்டு அதுகள் பயப்படேல்லை" என்று இருந்தது.

குறுந்தொகை 41ஆம் பாட்டில் 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' என்று வருகிறது. ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறதாம். காதலன் பிரிந்தபோது தன் மனமும் அப்படிக் கிடக்கிறது என்கிறாள் தலைவி. பாடிய புலவரின் பெயர் கிடைக்கவில்லை. அந்த வரியை வைத்து அணிலாடு முன்றிலார் என்றே அழைக்கிறார்கள். அம்மா அந்தப் பாட்டைப் படித்தவர் இல்லை.

அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று நீண்ட காலம் யோசித்தேன். போர் என்ற சொல் இல்லாமல், வரியனின் உயரத்தில் நின்று எழுதினேன். ஒரு நாள் விடிகிறது. முற்றம் கூட்டுகிற சத்தம் இல்லை. கிணற்றுக் கப்பி கிறீச்சிடவில்லை. அரிசி கழுவின தண்ணீர் வாழையடியில் ஊற்றப்படவில்லை, அதில் வரும் குறுணியும் இல்லை. பூனை வாசற்படியில் இருந்து றோட்டைப் பார்க்கிறது, அணிலைத் துரத்தவில்லை. வாசித்து முடித்தபோது ஒரு பையன், "அப்ப அணிலுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?" என்று கேட்டான். கொய்யா பழுத்தது, கொக்கத்தடியால் பறிக்க ஆள் இல்லை, அதனால் அணில் எல்லாவற்றையும் சாப்பிட்டது என்றேன். "அப்ப அதுக்குச் சந்தோஷமா, கவலையா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. வகுப்பு தனக்குள் வாதாடட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாய் மணி அடிக்கும்வரை வாதாடினார்கள்.

இப்போது பிள்ளைகளே எழுதுகிறார்கள். ஒருத்தி தன் ஹம்ஸ்ரரைப் பற்றி, அது கரட்டைக் கன்னத்துக்குள் ஒளித்துவைத்துப் படுக்கைக்குப் போய்த் துப்புவதை எழுதினாள். வாத்தியார் இருந்தால் அந்த இடத்தில் சரி போட்டிருப்பார். அடுத்த மலரில் சிறுவர் பகுதிக்கு நாலு பக்கம் தருவதாக மலர்க்குழு சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டில் நாயோ பூனையோ மீனோ இருந்தால், அது நேற்றுப் பின்னேரம் என்ன செய்தது என்று உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் எழுதவையுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.