ராத்திரி ரயிலும் வெள்ளைப் பணியாரமும்

கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சின்னவனுக்கு ஐந்து வயதில் மூன்று வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல். காலில் அடிபடாமலே நீலநீலமாகக் கன்றியிருந்தது. உள்ளூரில் பார்த்தவர் மருந்தைத்தான் மாற்றினார். "ஏத்தா, ரத்தத்த ஒருதரம் பாத்தா என்ன?" என்றது என் மாமியார். பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். நம்ம புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்றார்கள், ஏ.எல்.எல். என்கிற, வெள்ளணுக்களில் வேகமாகப் பெருகுகிற வகை. "பிள்ளைகளுக்கு அதிகமா வர்றது இதுதாம்மா. பெரும்பாலும் குணமாயிடும். ஆனா ரெண்டரை வருஷம், நடுவுல விட்றக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திப் போனவர்களைப் பிறகு நானே பார்த்தேன். பிள்ளை தெளிவாகிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. வாடகையும் வண்டிக்கூலியும் கட்ட முடியாமல் போனவர்கள்தான் அதிகம்.

மருந்துச் செலவுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அதற்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு நடை அலைந்தார். தகுதி உள்ளவர்கள் நோய்நொடி வருவதற்கு முன்னாலேயே அதை எடுத்து வைத்துவிடலாம்.

ரயில் சலுகை எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொன்னார்: ஸ்லீப்பரில் பிள்ளைக்கு முழுக்க இலவசம், கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் காரைக்குடி கவுன்டரில் கொடுத்தால் போதும். பகலில் போகும் பல்லவன் ரயிலில் முழு இலவசம் கிடையாது, அதனால் நாங்கள் ராமேஸ்வரத்து ராத்திரி வண்டிதான்.

முதல் மாதம் ஸ்டீராய்டு மருந்து, அதனால் ஓயாத பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, "அம்மா, வெள்ளப் பணியாரம்" என்பான். வெளிப் பண்டம் ஆகாது. வாடகை அறையில் ஒற்றை அடுப்பு. பச்சரிசியும் உளுந்தும் ஊறாத நாளே இல்லை. ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சுட்டபோதுகூட இப்படி மிரட்டி வேலை வாங்கியவர் யாருமில்லை.

இப்போது வீட்டில் ராத்திரி மாத்திரை, வாரம் ஒருதரம் மெத்தோட்ரெக்ஸேட் என்கிற புற்றுநோய் மருந்து. காரைக்குடியில் ரத்தம் பார்த்து அணுக்களின் எண்ணிக்கையை டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்கிறோம். இந்த மருந்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், அதனால் காய்ச்சல் 100.4 தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. போன ஆடியில் நடுராத்திரி கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். அன்றிலிருந்து ஃபைல், தெர்மாமீட்டர், இரண்டு சட்டை வைத்த மஞ்சப்பை வாசல் ஆணியிலேயே தொங்குகிறது.