விளக்கு போட்ட பிறகு

"அந்தப் பையனோட அப்பா ஏன் கடைசிவரைக்கும் வாயே திறக்கல?"

இன்று மாலைத் திரையிடல் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி. கேட்டவர் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அக்கா. மழைக்கு ஒதுங்கியவர், கூடையை மடியில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்துவிட்டார்.

ஈரானியப் படம். சப்டைட்டில் ஆங்கிலத்தில். முகங்களை வைத்தே கதையைப் பிடித்திருக்கிறார்!

எனக்கு ஹெக்கோடு நினைவுக்கு வந்தது.

கர்நாடகத்தில் சாகர் பக்கம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே 1949-இல் தொடங்கிய நீநாசம் நாடகக் குழு, 1973-இல் திரைப்படச் சங்கமும் ஆரம்பித்தது. குழுவை வழிநடத்திய கே.வி. சுப்பண்ணா உலகப் படங்களைக் கிராமத்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார். புனே திரைப்படக் கல்லூரியின் சதீஷ் பகதூர் வந்து ரசனை வகுப்பு எடுத்தார். சினிமா பற்றிக் கன்னடத்திலேயே புத்தகங்கள் போட்டார்கள். வருடா வருடம் அக்டோபரில் பண்பாட்டு முகாம் வேறு.

கிராமத்து ஆட்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சுப்பண்ணா ஒருநாளும் நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

நம் பக்கம் திரைப்பட வகுப்பு என்றாலே முதல் நாளே கையில் கேமரா. அப்புறம் எடிட்டிங். பார்த்ததைப் பற்றிப் பேச நேரமே இருப்பதில்லை.

கோடை விடுமுறையில் பட்டறை நடத்தப்போகும் நண்பர்களே, முதல் இரண்டு நாளைப் படம் பார்க்கவும் பேசவும் ஒதுக்குங்கள். ஊர்க்காரர்களையும் உள்ளே விடுங்கள். புரொஜெக்டர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் கொண்டுவருகிறேன்.