கன் வாங்கும் முன் கம்ப்ரஸரை அளந்து பாருங்கள்

வீட்டிலேயே காருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்: ஒரு ஃபெண்டர், ஒரு பம்பர், கடைசியில் பானெட். இவ்வளவுக்கு ஸ்ப்ரே கன் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, கன்னின் விலையைவிட கம்ப்ரஸர்தான் முடிவைச் சொன்னது. அட்டையில் போட்டிருக்கும் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது, பெரும்பாலும் பிஸ்டன் அளவை வைத்துப் போட்ட கணக்கு. குழாய் வழியே வரும் காற்று அதைவிடக் குறைவு. அளப்பது சுலபம். எங்களிடம் இருந்தது 2 எச்பி, 50 லிட்டர் டேங்க். டேங்க் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு ஏற 40 விநாடி. டேங்க் அளவு 50ஐ, ஏறிய அழுத்தம் 2ஆல் பெருக்கினால் 100 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 150 லிட்டர். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர், ஆக 5க்குச் சற்று மேல்.

குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் எச்விஎல்பி கன் நல்லதுதான். கன் முனையில் காற்று வெளிவரும் மூடியான ஏர் கேப்பில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாததால் பெயிண்ட் புகையாய்ப் பறக்காமல் பேனலில் உட்காரும். ஆனால் முழு அளவு கன் 12 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 340 லிட்டர் குடிக்கும். வரவு 150, செலவு 340. டேங்க் 8 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்க ஒன்றேகால் நிமிடம் போதும். பானெட்டில் ஒரு கோட் அதற்குள் முடியாது. பாதியில் காற்று தளர்ந்து, மிச்சப் பாதி ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். அதனால் குறைந்த காற்றில், 4, 5 சிஎஃப்எம்மில் ஓடும் எல்விஎல்பி கன்தான் சரிப்பட்டது. பெயிண்ட் விரிந்து விழும் விசிறியின் அகலம் குறைவு, கை மெதுவாகப் போகும். வெயில் நேரத்தில் முந்தின வரி காய்ந்துவிடாமல் இருக்க மெதுவாகக் காயும் ஸ்லோ தின்னர் வேண்டும்.

பெயிண்ட் வரும் துளையான நாசில் 1.3 மிமீ இருந்தால், நிறம் தரும் பேஸ் கோட், அதன்மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் இரண்டும் ஓடும். அடிப்பூச்சான பிரைமருக்கு மட்டும் 1.7 அல்லது 1.8 போட்ட மலிவுக் கன் தனியாக வாங்குங்கள். 1.3இல் பிரைமரை ஓட்டத் தின்னரைக் கூடுதலாக ஊற்றினால், கீறலை நிரப்பும் சக்தி போய்விடும். சில வாரத்தில் சுருங்கி, பட்டி தேய்த்த கோடுகள் கிளியருக்கு அடியில் தெரியும். நாசில், அதை மூடித் திறக்கும் ஊசியான நீடில், ஏர் கேப் மூன்றும் ஒரே செட். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

கடையிலேயே கப்பில் கொஞ்சம் தின்னர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நாசில் நுனியில் சொட்டினால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் விசிறி படுக்கைவசமாக விழும்படி ஏர் கேப்பைத் திருப்பி, சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஒரே இடத்தில் ஒழுகும்வரை அடியுங்கள். ஒழுகல்கள் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் சரி. இரு ஓரமும் நீண்டால் அழுத்தம் அதிகம், அல்லது பெயிண்ட் தண்ணியாக இருக்கிறது. நடுவில் மட்டும் நீண்டால் அழுத்தம் போதாது, அல்லது பெயிண்ட் கெட்டி. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். கனமும் சேர்ந்து திரும்பினால் கேப்பில் அடைப்பு, திரும்பாவிட்டால் நாசிலில்.

அழுத்தத்தை கன்னின் பிடியருகே, டிரிகரை அழுத்தியபடியே படிக்க வேண்டும். சன்னமான நீளக் குழாயில் சுவர் மீட்டர் 3 கிலோ காட்டும்போது கன்னில் 2 கூட இருக்காமல் போகலாம். உள்விட்டம் 10 மிமீ குழாய் போடுங்கள். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரை கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டிப் பயனில்லை. அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே கடந்துவிடும். சில மீட்டர் தள்ளி மாட்டினால் பிடிபடும். சென்னை மாதிரி ஊர்களில் டேங்க் அடி வால்வை ஒவ்வொரு கோட்டுக்கும் முன் திறந்துவிடுவது நல்லது.

ஹார்டனர் கலந்த கிளியரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் உண்டு. மாஸ்க் தேய்ந்துவிட்டது என்று மூக்கு சொல்லாது, மணம் தெரிவதற்குள் அளவு மீறியிருக்கும். வெளிக்காற்று தரும் மாஸ்க் இல்லையென்றால் கிளியரை மட்டும் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குவதே மேல்.

வேலை முடிந்ததும் கன் முழுவதையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள், உள்ளே பேக்கிங் உப்பிவிடும். கேப்பின் துளைகளைப் பல் குத்தும் குச்சியால் மட்டும் குத்துங்கள். கம்பி பட்டால் துளை அகன்று விசிறி கோணிக்கொள்ளும்.